ஐஸ் விற்காத ஐஸ் கம்பெனி

ஜூன் 10, செவ்வாய்

மேற்கேயிருந்து கச்சான் காற்று. வாய் திறந்தால் மண். ஜெராக்ஸ் மெஷின்மேல் போட்ட துணி இரண்டு முறை பறந்து செபஸ்தியின் தையல் கடைக்குள் விழுந்தது. இரண்டாவது முறை அவன் திருப்பித் தரவில்லை, தன் மெஷின் துடைக்க வைத்துக்கொண்டான்.

செய்ய வேண்டியவை: டோனர். செபஸ்தியிடம் ஜாக்கெட் (மூன்றாவது வாரம். கேட்டால் 'கை மட்டும்தான் பாக்கிக்கா'). வெள்ளிக்கிழமை அந்தோணியார் திருநாள், பூசைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். புளி தீர்ந்தது.

பதினொரு மணிக்குத் தெருமுனையில் கூட்டம். லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள்.

சுங்கத் தெருவைப் பழமை மாறாமல் புதுப்பிக்கப் போகிறார்கள். வரிசை முழுவதும் சர்க்கார் கட்டடம், நாங்கள் எல்லாரும் வாடகைக்கு இருப்பவர்கள். அடுத்த மாதம் முன்பக்கத்தை இடித்து, சாக்கடை கட்டி, கல் பதித்து, மஞ்சள் விளக்கு வைப்பார்களாம். மூன்று மாதம் எல்லாரும் வெளியே. லிஸ்டில் இருக்கிற கடைக்கு அதே இடம் திரும்பக் கிடைக்கும். இல்லாத கடைக்குக் கிடையாது.

இருபத்திரண்டு கடை. என்னுடையது ஒன்பது, செபஸ்தி பத்து. எனக்கு அந்தப் பக்கம், மூலையில் இருக்கிற ஐஸ் கம்பெனி லிஸ்டில் இல்லை. (இனி ஐ.க. கை வலிக்கிறது.)

ஐ.க. அண்ணாச்சியோடு எனக்குப் பேச்சு நின்று ஏழு வருடம். பலசரக்குக் கடை அவருக்கு. மூட்டையைக் கொண்டுவந்து என் படியில் அடுக்குவார். ஒரு தடவை மிளகாய் வத்தல் மூட்டை. நான் தும்மிய தும்மலில் யாரோ ஒருத்தருடைய பாஸ்போர்ட் ஃபாரம் நனைந்து போனது. அந்த வருடம் தேர் வருகிற அன்று, தெருவே நிற்கும்போது கேட்டேன், ஐஸ் விக்காத ஐஸ் கம்பெனிக்கு அடுத்தவ படியில என்ன வேலை என்று. எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து புளி, பருப்பு எல்லாம் மூன்று தெரு தள்ளிப் போய் வாங்குகிறேன், இந்த வெயிலில். பக்கத்தில் மலை மாதிரி கிடக்கிறது.

லிஸ்டில் அவர் இல்லை என்றதும் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். யார் படிக்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன். ஒரு கால் மணி நேரம் இருந்தது. பிறகு அவர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை விரல் வைத்து வாசித்தார். மறுபடியும் ஒன்றிலிருந்து. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. போய்த் துவரம்பருப்பு நிறுக்க ஆரம்பித்துவிட்டார். என் சந்தோஷம் அதோடு போயிற்று.

ஜூன் 11, புதன்

காற்று அப்படியே. டோனர் வரவில்லை.

லிஸ்டுக்காகக் கடை கடையாகக் கணக்கெடுத்த சர்வே தம்பி ஜெராக்ஸ் எடுக்க வந்தான். கோயம்புத்தூர்ப் பக்கம், மரியாதை தெரிந்த பையன். ஐ.க.வை எப்படித் தம்பி விட்டீங்க என்று கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகவே. அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"நீங்கதானுங்க அப்படி ஒரு கடையே இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க."

தாளில்: முத்துமாலை ஸ்டோர்ஸ், சுங்கத் தெரு. நேரில் விசாரித்ததில் இப்பெயரில் கடை ஏதும் இல்லை. உறுதி செய்தவர்: ம. ஸ்டெல்லா.

என் கையெழுத்துதான். கடைசியில் நான் இழுக்கிற கோடு உட்பட.

ஞாபகம் வந்துவிட்டது. மார்ச் மாதம், மத்தியானம். தம்பி லைசென்ஸ் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகத் தேடிக்கொண்டிருந்தான். முத்துமாலை ஸ்டோர்ஸ் எங்கே என்றான். செபஸ்தியைக் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியது: தெரியவில்லை தம்பி, இன்னும் நாலு பேரிடம் கேளுங்கள். நான் சொன்னது: "இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத கடையா? அப்பிடி ஒண்ணு கிடையாது. எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுதேன்." பேனா கூட என்னுடையது.

ஐ.க.வின் பெயர்தான் முத்துமாலை ஸ்டோர்ஸ். லிஸ்ட் ஒட்டிய பிறகுதான் தனக்கே தெரிந்தது என்றான் தம்பி.

போர்டு ஏதோ ஒரு மழையில் விழுந்தது. அவர் திருப்பி மாட்டவில்லை. போர்டா விக்குது, பருப்புல்லா விக்குது என்பார். அங்கே ஐஸ் உடைத்தது நாற்பது வருடத்துக்கு முன்னால், அவர் வருவதற்கும் முன்னால். ஆனால் மாலத்தீவுக்குப் போகிற தோணிக்காரர்கள் அரிசி, கருப்பட்டி ஏற்றுவது ஐஸ் கம்பெனியில்தான். அவர் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களும் ஐஸ் கம்பெனி அண்ணாச்சி என்று எழுதித்தான் கொண்டுவருவார்கள். எங்கள் தெருவில் ஒரு கடைக்கு என்ன பெயர் என்று போர்டைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. முன்னால் அங்கே என்ன இருந்ததோ அதுதான் பெயர்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. செபஸ்தியாகத்தான் இருக்கும். அவன் பேசாமல் இருப்பது வாயில் குண்டூசி வைத்திருக்கும்போது மட்டும்தான். டீக்கடையைத் தாண்டும்போது காதில் விழுந்தது:

"ஏழு வருசம் காத்திருந்து போட்டுருக்கா பாரு கையெழுத்து."

வேண்டுமென்று போடவில்லை. மாதா சாட்சியாக, வேண்டுமென்று போடவில்லை. ஆனால் வேண்டுமென்று செய்திருந்தால் கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

விசாரணை 16 திங்கள், பதினொரு மணி. அதற்குள் ஆட்சேபனை கொடுக்கலாம். ஐந்து நாள் இருக்கிறது. கெடுத்தது நான், சரி செய்வதும் நான்தான்.

ஜூன் 12, வியாழன்

கடையை அடைத்துவிட்டு, தெருவைப் புதுப்பிக்கிற திட்ட ஆபீஸுக்குப் போனேன். அங்கே அதிகாரி மேடம் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிடி மட்டும் கொடுக்கவில்லை. லைசென்ஸில் கடைப் பெயர் இருக்கிறது, எந்தக் கட்டடம் என்று இல்லை. கதவு எண் மூன்று தடவை மாறிவிட்டது. கரண்ட் இணைப்பு இன்னும் அந்தக் காலத்து ஐஸ் முதலாளி பெயரில். கடைப் பெயரும் இடமும் ஒரே தாளில் இருக்கிற பழைய ரிக்கார்டு ஏதாவது வேண்டும் என்றார்.

நான் சொல்கிறேனே, அது போதாதா என்றேன்.

"மார்ச்லயும் நீங்கதானேம்மா சொன்னீங்க?"

வாயை மூடிக்கொண்டு வந்தேன். என் வாயை மூடுவதற்கு என் கையெழுத்தே வேண்டியிருந்திருக்கிறது.

மேஜையில் புதுத் தெருவின் படம். ஐ.க. இருக்கிற மூலையில் ஒரு பெரிய நங்கூரம், சுற்றிலும் பெஞ்ச், பக்கத்தில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்கிற ஒரு பெண். முத்துமாலை ஸ்டோர்ஸ் என்று ஒரு கடையே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்ததால், மூலைக் கடை லைசென்ஸ் இல்லாததாகி, அந்த இடத்துக்கு வந்த நங்கூரம்.

திரும்பி வந்து கடை கடையாகக் கையெழுத்து வாங்கினேன். எதற்கும் இருக்கட்டும். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் போர்டுகளை அண்ணாந்து பார்த்தேன்.

ரேடியோக் கடை: விற்பது செல்ஃபோன் கவர்.
பழைய தபாலாபீஸ்: பிரியாணி.
சோடாக் கடை: நம் செபஸ்தி. சோடா குடித்துக்கூட நான் பார்த்ததில்லை.
உப்புக் குடோன்: சென்னைப் பிள்ளைகள் இரண்டு பேர் நடத்துகிற காபிக் கடை. பார்சல் எதுவும் வந்து சேருவதில்லை என்று புலம்பினார்கள். விலாசத்தில் உப்புக் குடோன் என்று போடச் சொன்னேன்.
என் கடை: போர்டில் ஸ்டெல்லா கம்ப்யூட்டர்ஸ். ஊர் சொல்வது டைப்பு. டைப்ரைட்டரை எடைக்குப் போட்டு இருபது வருடம்.

பத்தொன்பது கையெழுத்து. இந்தப் பேச்சு வருவதற்கு முன்னால் முத்துமாலை ஸ்டோர்ஸ் எது என்று தெரியுமா என்று ஒவ்வொருத்தரிடமும் கேட்டேன். இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. மற்றவர்கள் யாராக இருந்தாலும் என் மாதிரிதான் சொல்லியிருப்பார்கள். இல்லை, அப்படியும் இல்லை. தெரியாது என்று சொல்லியிருப்பார்கள். கிடையாது என்று சொல்ல என்னைப் போல ஒருத்தி வேண்டும்.

மீன் வாங்கப் போன இடத்தில் சரசு அக்கா, அண்ணாச்சியின் மனைவி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் விடவில்லை, பக்கத்தில் போய் நின்றேன். அக்கா, தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏளா, நீ தெரிஞ்சு போட்டியோ தெரியாமப் போட்டியோ, எனக்கு அது வேண்டாம். அவுக உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அதுதான் ஆத்திரமா வருது."

மீன் வாங்காமல் வந்துவிட்டேன். ராத்திரிக்கு ரசம். புளி இல்லாததால் அதுவும் இல்லை, மோர்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். காலைப் பூசை. மந்திரித்த ரொட்டி கொடுத்தார்கள், கையளவு. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அல்லவா. அண்ணாச்சிக்கு ஒரு தாள் வேணும், எங்கேயாவது இருந்தால் காட்டிக் கொடும் என்று கேட்டுக்கொண்டேன். இந்துக்காரருக்காகக் கேட்டால் செய்ய மாட்டாரா என்ன. அவர் கடையிலிருந்தும் வருடா வருடம் மெழுகுதிரிக் கட்டு வருகிறது.

மத்தியானம் பரண். பழைய ஃபாரங்களின் நகல் ஒன்பது அட்டைப்பெட்டி. இரண்டைச் செல் அரித்துவிட்டது. தூசியில் தும்மித் தும்மி மூக்கு வீங்கி, நாலாவது பெட்டியில் கிடைத்தது.

லைசென்ஸ் புதுப்பிக்கிற மனு. பதினொரு வருடத்துக்கு முந்தியது. நான் அடித்தது, என் கடை முத்திரை. கீழே:

'சுங்கத் தெரு, பழைய ஐஸ் கம்பெனி கட்டடத்தில் முத்துமாலை ஸ்டோர்ஸ் என்ற பெயரில் மேற்படியார் பலசரக்குக் கடை நடத்தி வருவது எனக்கு நேரில் தெரியும். சாட்சி: ம. ஸ்டெல்லா.'

அந்தோணியாரே. கேட்டதைக் கொடுத்தீர். இப்படியா கொடுப்பீர்?

பெயரும் இடமும் ஒரே தாளில். மேடம் கேட்டது அப்படியே. ஆனால் அதைக் கொடுத்தால், எனக்கு நேரில் தெரியும் என்று ஒரு காலத்தில் நானே எழுதிக் கொடுத்ததும் வெளியே வரும். தெரியாமல் செய்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இனி யார் நம்புவார்கள்?

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு முப்பது ஃபாரம் அடித்த காலம் அது, எதை ஞாபகம் வைப்பது. நிஜமாகவே மறந்துதான் போயிருந்தேன். ஆனால் மார்ச் மாதம் அந்தத் தம்பி கேட்டபோது ஒரு நிமிடம் யோசித்திருந்தால் வந்திருக்குமோ? யோசிக்கவில்லை. மூலைக் கடைப் பக்கம் மனதைக்கூடத் திருப்புவதில்லை என்று ஏழு வருடம் பிடிவாதம்.

ரொட்டியைத் தின்னாமல் மேஜையிலேயே வைத்துவிட்டேன். எறும்பு.

ஜூன் 14, சனி

காற்று கொஞ்சம் அடக்கம். டோனர் வந்தது.

நாசரேத்திலிருந்து மகள் ஃபோன். டீச்சர் அல்லவா, எனக்கும் பாடம்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க மம்மி என்றாள். பத்தொன்பது கையெழுத்தைக் கொடுங்க, அவங்க பார்த்துக்குவாங்க. பொய்யா உறுதி குடுத்தாங்கன்னு எழுதி உங்க நம்பரையும் எடுத்துட்டா என்ன செய்வீங்க? ஒன்பதாம் நம்பர் போய்விட்டால் இந்த வயதில் எங்கே போய் மெஷினை வைப்பீங்க என்று அழாத குறை.

அவள் சொல்வதில் தப்பு இல்லை. எனக்கும் பயம்தான். இந்தத் தெருவில் என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. கப்பலுக்குப் போகிற பிள்ளைகளும் பென்ஷன் வாங்குகிற கிழவிகளும், டைப்பு அக்கா போட்டால் சரியாக இருக்கும் என்று வருகிறார்கள். அது போய்விட்டால் மெஷின் மட்டும் இருந்து என்ன?

ஆனால் பத்தொன்பது கையெழுத்து போதாது என்று மேடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அவர் கடை போனால், நான் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அந்த நங்கூரத்தைப் பார்க்க வேண்டும். என்னால் ஆகாது.

மறைக்க ஒரு வழி இருந்தால் மனது அதையே சுற்றிக்கொண்டிருக்கும். மெஷினைப் போட்டேன். ஆறு காப்பி. புது டோனர், எழுத்து அச்சு அச்சாக.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகும் முன் ஒரு காப்பியைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். பக்கத்தில், தம்பியிடம் கேட்டு வாங்கிய மார்ச் மாதத்துத் தாளின் நகல். அடியில் கையால்: 'இரண்டும் என் கையெழுத்துதான். முதலாவது சரி. இரண்டாவது தப்பு. ம. ஸ்டெல்லா.'

பூசை முடிந்து தெரு முழுக்க அந்த வழியாகத்தான் வரும். வந்தது. நின்று வாசித்தது. செபஸ்தி உரக்க வாசித்துக் காட்டினான், கண் தெரியாதவர்களுக்காக என்று சொன்னான். யாரோ, அப்ப தெரிஞ்சுதானா என்றார்கள். அங்கேயே நின்றேன். உள்ளே போய்விடலாம் என்று கால் இழுத்தது, போகவில்லை.

அண்ணாச்சி கடை ஞாயிறும் உண்டு. கூட்டம் கலைந்த பிறகு வந்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. இரண்டு தாளையும் விரல் வைத்து வாசித்தார். என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

செபஸ்தி ஜாக்கெட் கொடுத்தான். கேட்காமலே. கை சரியாக வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

புது ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு போனேன், கை பிடித்தாலும்.

ஆபீஸில் மேடம், சர்வே தம்பி, இன்னும் ஒரு கிளார்க். அண்ணாச்சி ஓரமாக. சரசு அக்கா வாசலில். என் தாளைக் கொடுத்தேன். மேடம் வாசித்தார், மார்ச் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் உங்க கையெழுத்து. நான் எதைம்மா நம்பட்டும்?"

இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த நீளமான பதில் ஒன்று இருந்தது. வரவில்லை.

"பழசை நம்புங்க மேடம். அது விசாரிச்சுப் போட்டது. புதுசு திமிருல போட்டது."

கிளார்க் எழுதிக்கொண்டார். திமிர் என்பதையும் எழுதினாரா தெரியவில்லை. எழுதட்டும்.

மேடம் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நகல்தானே, ஒரிஜினல் வேண்டும் என்றார். ஒரிஜினல் பதினொரு வருடம் கழித்து யாரிடம் இருக்கும்? மேடம் அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

அவர் எழுந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டார். பிளாஸ்டிக் கவர், அதற்குள் எட்டாக மடித்த தாள். பிரித்து மேஜைமேல் வைத்துக் கையால் நீவினார். ஆபீஸில் சீல் வைத்துத் திருப்பிக் கொடுத்த ஒரிஜினல். என் முத்திரை, என் கையெழுத்து, இழுத்த கோடு. மடிப்பு புதுசு.

மேடத்துக்குக் கோபமே வந்துவிட்டது. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் முதல் நாளே கொடுக்கவில்லை என்றார்.

"அதுல இந்தம்மா சாட்சி போட்டுருக்காங்கல்லா. நான் குடுத்தா அது அவங்க மேல பிராது ஆயிரும். அவங்களே குடுக்கட்டும்னு இருந்தேன்."

"குடுக்காம விட்டிருந்தா?"

அவர் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். வாசலில் சரசு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது போல.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீஸில், எல்லார் முன்னாலும். வெட்கம்தான், ஆனால் நிறுத்த முடியவில்லை. புதன்கிழமையிலிருந்து இவர் இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பு நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

காற்று இல்லை. புழுக்கம்.

திருத்திய லிஸ்ட் ஒட்டியாயிற்று. 23. முத்துமாலை ஸ்டோர்ஸ் (பழைய ஐஸ் கம்பெனி). என் ஒன்பது அப்படியே இருக்கிறது. நங்கூரத்தை எங்கே வைப்பார்கள் என்று சர்வே தம்பி கவலைப்படுகிறான். கடலில் போடச் சொன்னேன்.

கண்ணாடியில் ஒட்டியதைக் கிழிக்கவில்லை. ஒரு வாரம் இருக்கட்டும்.

பத்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு ஐ.க. படி ஏறினேன். ஏழு வருடத்தில் முதல் தடவை. உள்ளே அதே கருப்பட்டி வாசம், அதே தராசு. தோணிக்காரர் ஒருத்தருக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். அவர் போகும் வரை நின்றேன். பிறகு என்னைப் பார்த்தார். மன்னிப்பு கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது புளி அரைக் கிலோ.

"கொட்டை எடுத்ததுதானே தங்கச்சி?"

தங்கச்சி. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கட்டிக் கொடுத்தார்.

இறங்கும்போது பார்த்தேன், இரண்டு வெங்காய மூட்டை, புதுசு, என் படிமேல். அண்ணாச்சி, மூட்டை என்றேன். எடுத்துரலாம் என்றார்.

மத்தியானம் வரை எடுக்கவில்லை. சாயங்காலமும் எடுக்கவில்லை. நாளைக்கும் போய்ச் சொல்ல வேண்டும்.